கேரம் போர்டும் ஒரு மருந்துதான்



நான் எழுத்தாளனும் அல்ல, டாக்டரும் அல்ல. சிவில் இன்ஜினீயரிங்கில் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ.யாகச் சேர்ந்து, முப்பத்தேழு வருடம் தண்டவாளத்தோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன். கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாறுக்கும் நடுவே ஏ லைன், பி லைன் இரண்டிலும் என் கால் படாத ஸ்லீப்பர் இருக்காது. அப்படிப்பட்டவன் ஆஸ்பத்திரி விஷயத்தைப் பற்றி எழுத வருகிறானே என்று நீங்கள் நினைக்கலாம். கண்ணால் கண்ட இரண்டு சம்பவங்கள் என்னை எழுத வைத்திருக்கின்றன. அவற்றைச் சொல்லிவிட்டு, என் மனதில் உள்ள கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் சம்பவம்

என்னோடு வேலை பார்த்த லோகோ டிரைவர் ஒருவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். பெயர் வேண்டாம். நான் அவரை "அண்ணா" என்று கூப்பிடுவேன். அவர் கடைசி வரை என்னை "இன்ஸ்பெக்டர் தம்பி" என்றுதான் கூப்பிட்டார். ரிட்டயராகிச் சில வருடங்கள் கழித்து அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து, கையை இப்படித் தூக்குங்கள், இத்தனை தடவை தூக்குங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸும் முறை தவறாமல் வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போனார். எல்லாரும் தங்கள் தங்கள் கடமையைச் சரியாகவே செய்தார்கள்.

ஆனால் அண்ணா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இருபது தடவை கையைத் தூக்கச் சொன்னால் மூன்று தடவை தூக்குவார். "எதுக்கு?" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. எதிரே டி.வி. காலையிலிருந்து ராத்திரி வரை ஓடிக்கொண்டிருக்கும். அவர் பார்க்க மாட்டார். அண்ணி என்னிடம் சொன்னார்: "ராத்திரி பகல்னு பார்க்காம வண்டி ஓட்டின மனுஷன். இப்ப மணி என்னன்னுகூடக் கேக்கறதில்ல, தம்பி."

அந்த வருடம் கோடை விடுமுறையில் அவர்கள் வீட்டுக்கு ஒரு பையன் வந்தான். அவருடைய பேரனின் சிநேகிதன். ஆக்குபேஷனல் தெரபி படித்துக்கொண்டிருந்தவன். அவன் முதல் நாள் கையையும் பார்க்கவில்லை, காலையும் பார்க்கவில்லை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேள்விதான் கேட்டான். "தாத்தா, டூட்டி இல்லாத நாளில் இந்த நேரத்தில் என்ன செய்வீங்க? யாரோட இருப்பீங்க? எது செய்யும்போது நேரம் போறதே தெரியாது?"

அண்ணா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு குழறிக் குழறிச் சொன்னார்: "மூணு மணி. இன்ஸ்டிட்யூட். கேரம்."

ரயில்வே காலனிகளில் வாழ்ந்தவர்களுக்கு இன்ஸ்டிட்யூட் என்றால் என்னவென்று தெரியும். லைப்ரரி, கேரம், சீட்டு, செஸ், ஆண்டு விழாவுக்கு நாடகம் என்று தொழிலாளிக்காகக் கட்டி வைத்த இடம். டூட்டி முடிந்து வந்தவன் மனிதனாகத் திரும்ப வேண்டும் என்றால் அவனுக்கு இப்படி ஓர் இடம் வேண்டும் என்பதை வெள்ளைக்காரன் காலத்திலேயே ரயில்வே தெரிந்து வைத்திருந்தது. அண்ணா அங்கே பெரிய கேரம் ஆட்டக்காரர்.

பையன் உடனே போர்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடவில்லை. இதைத்தான் நான் கவனித்தேன். இரண்டு நாள் கழித்து ஸ்டிரைக்கரை மட்டும் கொண்டுவந்து அவருடைய வலது உள்ளங்கையில் வைத்தான். பிறகுதான் போர்டு வந்தது. அதை எந்த உயரத்தில் வைப்பது, முதுகுக்குத் தலையணை எங்கே கொடுப்பது என்று அளந்து வைத்தான். முதல் வாரம் வலது கைக்கு ஒரே வேலை: உள்ளங்கையால் பவுடரைப் போர்டு முழுக்கப் பரப்புவது. அடுத்த வாரம் காய்களைப் பொறுக்கி நடுவில் அடுக்குவது. ஆட்டம் மட்டும் இடது கையால். மூன்றாவது வாரம் வலது கை விரலால் ஸ்டிரைக்கரை மெதுவாகத் தள்ளச் சொன்னான். மூன்று தடவைக்கு மேல் தூங்கிப் போன அந்தக் கை, ஒரு போர்டு முடிவதற்குள் நாற்பது ஐம்பது தடவை நகர்ந்தது. நான் பக்கத்தில் இருந்து எண்ணினேன்.

எதிராளியாக யாரை உட்கார வைப்பது என்பதிலும் அவன் யோசித்தான். மகன் வேண்டாம் என்றான். மகன் முன்னால் தோற்றால் அவருக்குக் கூச்சம். பக்கத்து வீட்டுப் பத்து வயதுப் பையனை உட்கார வைத்தான். அந்தப் பொடியனுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்ததால் அண்ணா பேசியாக வேண்டியதாயிற்று. பேச்சுக்கும் அதுவே பயிற்சி. அவருக்கு அலுப்பு வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஆட்டத்தை நிறுத்திவிடுவான். "நாளைக்கு மிச்சம், தாத்தா" என்பான். மறுநாள் என்று ஒன்று அவருக்கு அப்போதுதான் வந்தது.

எல்லாவற்றையும் அவன் ஒரு நோட்டில் எழுதி வைத்தான். எத்தனை நிமிடம் உட்கார்ந்தார், கையை எத்தனை தடவை நீட்டினார், தானாக எத்தனை வார்த்தை பேசினார், எப்போது முகம் சுருங்கியது. அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்கு என் கீமேன்களின் டயரி ஞாபகம் வந்தது. விளையாட்டு என்று நாங்கள் நினைத்தது அவனுக்கு வேலையாக இருந்தது.

அந்தக் கை முழுசாகத் திரும்பவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர் சட்டை போட்டுக்கொண்டு, ஷேவிங் செய்துகொண்டு, மூணு மணிக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் ஆட்டோவில் அழைத்துப் போய் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு போர்டு ஆட வைத்தோம். அதற்கப்புறம் இரண்டு வருடம் இருந்தார். அந்த இரண்டு வருடமும் அவர் நோயாளியாக மட்டும் இருக்கவில்லை.

லீவு முடிந்து அந்தப் பையன் காலேஜுக்குத் திரும்பிப் போனபோது அண்ணி என்னிடம் கேட்டார்: "இனி யாரு தம்பி வருவாங்க?" நான் விசாரித்தேன். அந்த வேலையை ஒரு வேலையாகச் செய்கிற ஆள் எனக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கவில்லை. தெரிந்த வரையில் நாங்களே ஆடினோம். அவன் இருந்திருந்தால் அடுத்த படி என்ன என்று தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது சம்பவம்

இது மனதை உறுத்தும் சம்பவம். முதியோர்களுக்கான ஒரு பகல் நேரக் கூட்டம். எந்த இடம் என்பது வேண்டாம். நடத்தியவர்கள் நல்ல மனம் படைத்தவர்கள். சேவை செய்ய வேண்டும் என்று வந்த இளைஞர்கள். வட்டமாக நாற்காலி போட்டு, பாட்டு போட்டு, பந்தைக் கைமாற்றச் சொன்னார்கள். பாட்டு நிற்கும்போது பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் ஒரு பாட்டுப் பாட வேண்டும்.

என் தூரத்து உறவில் ஓர் அத்தையையும் அங்கே அழைத்துப் போயிருந்தோம். எண்பதைத் தாண்டியவர். மறதி தொடங்கிவிட்டது. பந்து அவர் மடியில் நின்றது. எல்லாரும் கை தட்டி மலையாளத்தில் பாடச் சொன்னார்கள். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடியும் கை தட்டினார்கள். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். அதற்குப் பிறகு அந்த வாசல்படியை மிதிக்க மறுத்துவிட்டார். ஒத்துழைக்கவில்லை என்று அங்கே சொன்னார்கள்.

அந்த அத்தை, சின்ன வயதில் மாரியம்மன் நோன்பில் கும்மிக்கு முன்பாட்டுப் பாடியவர். பல்லாங்குழியில் அவரை ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் கிடையாது. யாராவது முன்கூட்டியே இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும். பந்துக்குப் பதில் பல்லாங்குழிப் பலகையைப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அவர் அழுதிருக்க மாட்டார்.

ஒரே ஊர், ஒரே மாதிரியான வயது. ஓரிடத்தில் விளையாட்டு ஒருவரை எழுப்பி உட்கார வைத்தது. இன்னோரிடத்தில் விளையாட்டு ஒருவரைக் குறுகிப் போக வைத்தது. நல்ல மனம் இரண்டிடத்திலும் இருந்தது. பயிற்சி ஓரிடத்தில்தான் இருந்தது. என் கட்டுரையின் சாரம் இதுதான்.

இது என்ன தொழில்?

ஆங்கிலத்தில் தெரப்யூட்டிக் ரிக்ரியேஷன் அல்லது ரிக்ரியேஷன் தெரபி என்கிறார்கள். தமிழில் "பொழுதுபோக்கு" என்று சொன்னால் யாரும் மதிக்க மாட்டார்கள். பொழுது போவது நோயாளியின் பிரச்சினையே இல்லை. போகாமல் நிற்பதும் வீணாகப் போவதும்தான் பிரச்சினை. "பொழுதாக்கச் சிகிச்சை" என்று எழுதிப் பார்த்தேன். என் பேத்தி சிரித்துவிட்டாள். நம் சங்கத்தில் தமிழறிந்த பெரியவர்கள் நல்ல பெயர் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறேன். அதுவரை ரிக்ரியேஷன் தெரபி என்றே சொல்கிறேன்.

இந்தத் தொழிலில் இருப்பவர் செய்ய வேண்டிய வேலை நான்கு. முதலில் மதிப்பீடு: நோயாளிக்கு எது முடியும், எது முடியாது, முன்பு எதில் பிரியம். இரண்டாவது திட்டம்: எந்த ஆட்டம், எந்தக் குறிக்கோளுக்காக, எத்தனை நாளில். மூன்றாவது நடத்துவது. நான்காவது பலன் பார்த்து எழுதி, திட்டத்தை மாற்றுவது. எங்கள் லைன் பராமரிப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லைனை அளக்காமல் ஜாக்கி போடுகிறவனை நாங்கள் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டோம்.

அமெரிக்காவில் இதற்கென்று தேசிய அளவில் ஒரு சான்றிதழ்க் குழு 1981ல் அமைந்தது. பட்டப்படிப்பு வேண்டும், அதோடு 14 வாரம் தொடர்ந்து, குறைந்தது 560 மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்து பழக வேண்டும், பிறகு பரீட்சை. அதற்கப்புறம்தான் சான்றிதழ் கொடுக்கிறார்கள். கனடாவிலும் இதற்குத் தேசிய சங்கம் இருக்கிறது.

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இரண்டு உலகப் போர்களிலும் காயம்பட்டுக் கிடந்த சிப்பாய்களிடமிருந்து என்று சொல்லலாம். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர், முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்களைக் கவனித்தார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் படுக்கையிலேயே சீக்கிரம் இறந்து போவார்கள் என்பதுதான் எல்லாரின் எண்ணமும். அவர் அவர்களை எழுப்பி உட்கார வைத்துக் கையில் வில்லைக் கொடுத்தார். வில் இழுத்தால் தோளும் முதுகும் பலப்படும். சக்கர நாற்காலியில் விழாமல் உட்காரப் பழகும். 1948 ஜூலை 29ஆம் தேதி, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், பதினாறு பேரை வைத்து ஆஸ்பத்திரிப் புல்வெளியில் வில்வித்தைப் போட்டி நடத்தினார். அது வளர்ந்து 1960ல் ரோமில் நடந்த போட்டிதான் முதல் பாராலிம்பிக்ஸ் என்று கணக்கிடப்படுகிறது. நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016ல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினாரே, அந்த மேடைக்கு அஸ்திவாரம் போட்டது ஆஸ்பத்திரிப் புல்வெளிதான்.

நம் மண்ணில் இல்லையா?

இருக்கிறது. சிதறிக் கிடக்கிறது.

வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அப்படியும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று புனர்வாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966ல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் உருவானது. பழைய நோயாளிகளை மறுபடி வரவழைத்து விளையாட்டும் கலை நிகழ்ச்சியுமாக மேளா நடத்துவதை அங்கே வழக்கமாக வைத்திருக்கிறார்கள். வந்தவர் எப்படி இருக்கிறார் என்று டாக்டருக்கும் தெரிகிறது. புதிதாகப் படுத்திருப்பவருக்குப் பழையவரைப் பார்த்துத் தைரியமும் வருகிறது.

சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984ல் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பைத் தொடங்கினார். மறதி நோய்க்காரர்களுக்கென்று இங்கிலாந்தில் உருவான ஒரு குழுப் பயிற்சியை அந்த அமைப்பு தமிழ்நாட்டுக்கு ஏற்றபடி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறது. அந்தப் பயிற்சியில் மொத்தம் 14 அமர்வுகள், வாரத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். பாட்டு, சொல் விளையாட்டு, சாப்பாடு, சின்ன வயது ஞாபகம், காசு எண்ணுதல் என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொருள். இங்கிலாந்தில் 201 பேரை வைத்து நடத்தி 2003ல் வெளியான ஆராய்ச்சி, மறதி நோய் மாத்திரைகளின் பலனோடு ஒப்பிடத்தக்க பலன் இதில் கிடைப்பதாகச் சொன்னது. மாத்திரைக்குத் துட்டு கொடுக்கிறோம். பாட்டுக்கும் சொல் விளையாட்டுக்கும் ஆள் வைக்க யோசிக்கிறோம்.

கேரளத்தின் கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1992ல் மறதி நோயாளிகளுக்கான தேசிய சங்கமே இந்த மாநிலத்தில்தான் பிறந்தது. 1993ல் கோழிக்கோட்டில் தொடங்கிய பாலியேட்டிவ் இயக்கம், 2008ல் மாநில அரசின் கொள்கையாகி, இன்று பஞ்சாயத்துகள் நர்ஸை வீடு வீடாக அனுப்பும் நிலைக்கு வந்திருக்கிறது. வலிக்கு மருந்து வீட்டுக்கே வருகிறது. வெறுமைக்கு மருந்து இன்னும் வரவில்லை.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடையே உதாரணம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டி வைத்திருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். தீ ஒரு நாள்தான் வந்தது. அதற்கு முன்னால் எத்தனையோ நாள் அவர்கள் ஒரு வேலையும் ஆட்டமும் இல்லாமல் கட்டிப் போடப்பட்டிருந்தார்கள். அதை யாரும் விபத்து என்று சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கலைக்கும் பொழுதுபோக்குக்கும் ஒரு பிரிவு, விளையாட்டுக்கு ஒரு பிரிவு இருக்கின்றன. 2017ஆம் வருடத்து மனநலச் சட்டம், மனநல நிலையத்தில் இருப்பவருக்கு ஓய்வு, பொழுதுபோக்கு, கல்வி ஆகியவற்றுக்கு வசதி வேண்டும் என்பதை உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. 2021ல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில், கலை, நடனச் சிகிச்சையாளர்களோடு சேர்த்து ரிக்ரியேஷனல் தெரபிஸ்ட் என்ற பெயரும் இடம் பெற்றிருக்கிறது.

ஆக, உரிமை காகிதத்தில் இருக்கிறது. தொழிலின் பெயரும் காகிதத்தில் இருக்கிறது. நான் போய் வந்த ஆஸ்பத்திரிகளில் அந்தப் பெயர்ப் பலகையோடு ஒரு நாற்காலியை இதுவரை பார்த்ததில்லை. டைம்டேபிளில் வண்டி இருக்கிறது. பிளாட்பாரத்தில் வண்டி இல்லை.

சில ஆட்சேபணைகள்

இதை நண்பர்களிடம் பேசியபோது மூன்று ஆட்சேபணைகள் வந்தன.

ஒன்று: "வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியதற்குச் சம்பளத்துக்கு ஆளா?" நியாயமான கேள்விதான். கூட்டுக்குடும்பத்தில் தாத்தாவுக்கு எதிரே தாயம் உருட்ட எப்போதும் ஒரு பேரன் இருந்தான். இன்று அந்தப் பேரன் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிறான். 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள், நாட்டிலேயே அதிகம். வீட்டில் ஆளே இல்லாதபோது, வீட்டார் செய்யட்டும் என்பது பதிலாகாது. வீட்டார் இருந்தாலும், அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும்.

இரண்டு: "பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்கிறார். இன்னொருவர் எதற்கு?" முதலாமவர் தசையையும் மூட்டையும் பார்க்கிறார். இரண்டாமவர் குளிக்க, பட்டன் போட, சோறு பிசைய, வேலைக்குத் திரும்பப் பழக்குகிறார். அதெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாளில் மிச்சமிருக்கும் பத்து மணி நேரத்துக்கு யார் பொறுப்பு? எங்கள் அண்ணா விழுந்தது அந்தப் பத்து மணி நேரத்தில்தான். ஆக்குபேஷனல் தெரபி படித்த பையன்தான் அவருக்கு உதவினான் என்பது உண்மை. ஆட்கள் கிடைக்கும் வரை அவர்களே இதையும் சேர்த்துச் செய்யட்டும். ஆனால் அவர்களே போதுமான அளவு இல்லையே!

மூன்று: "இந்த நாட்டில் புதுத் தொழிலை யார் ஒத்துக்கொள்வார்கள்?" இதற்குச் சரித்திரமே பதில் சொல்கிறது. 1950ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் கமலா நிம்ப்கர் என்ற பெண்மணி ஆக்குபேஷனல் தெரபிக்குப் பள்ளி தொடங்கியபோது, அது என்ன படிப்பு என்று இங்கே யாருக்குத் தெரிந்திருக்கும்? இரண்டே வருடத்தில், 1952ல், அகில இந்திய சங்கம் வந்துவிட்டது. இன்று அந்தப் பெயர் சட்டத்தில் தனி இனமாக நிற்கிறது. ஒருவர் தொடங்கினார், தொழில் நின்றது.

என் கோரிக்கைகள்

முதலாவது, டிப்ளமோ. எடுத்த எடுப்பிலேயே பெரிய பட்டப்படிப்பு வேண்டியதில்லை. நானே டிப்ளமோ படித்தவன்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதில் மூன்று வருடம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்து, பிறகு ஒரு மேஸ்திரியின் கீழ் வெயிலில் நிற்க வைத்தால், ஆயிரம் பேர் உட்கார்ந்து வரும் வண்டிக்குத் தண்டவாளத்தை அவன் கையில் ஒப்படைக்கலாம் என்று இந்த நாடு நம்பியது. அதே நம்பிக்கையை இங்கேயும் வைக்கலாம். உடற்கூறு கொஞ்சம், மனநூல் கொஞ்சம், மறதி, பக்கவாதம், குழந்தைகளின் வளர்ச்சிக் குறை பற்றிய பாடம், ஆட்டங்களைப் பிரித்து அளவெடுக்கும் பாடம், ஆஸ்பத்திரியில் ஒரு வருடப் பழக்கம். பாலக்காட்டைச் சுற்றி இதற்கு ஆர்வமுள்ள பிள்ளைகள் இல்லாமலா போவார்கள்?

இரண்டாவது, பதவி. படித்துவிட்டு வருகிறவனுக்கு நாற்காலி வேண்டும். முதலில் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒருவர் போதும். பாலியேட்டிவ் நர்ஸோடு அதே வண்டியில் போய்வரட்டும். செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கேரம் போர்டு, பல்லாங்குழி, தாயக்கட்டை, ஒரு டேப், மண்ணும் பூச்செடியும், நல்ல ஒரு நோட்டு. சாமான் செலவு ஒரு ஸ்கேன் எடுக்கும் செலவுக்குள் அடங்கும். சம்பளம்தான் செலவு. அதைக் கொடுக்காமல் சேவை மனப்பான்மையை மட்டும் எதிர்பார்த்தால் அந்தப் பந்து விளையாட்டுத்தான் மிஞ்சும்.

மூன்றாவது, ரயில்வேக்கு. நம்மிடம் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, இன்ஸ்டிட்யூட்டுகளும் இருக்கின்றன. ஓய்வு பெற்றவர்களுக்கு மருத்துவ வசதித் திட்டமும் இருக்கிறது. இவற்றை இணைக்கும் ஓர் ஆள்தான் இல்லை. மத்தியான வேளையில் காலியாகக் கிடக்கும் இன்ஸ்டிட்யூட் கட்டடத்தில் பக்கவாதம் வந்த பென்ஷனர்களுக்கு வாரம் இரண்டு நாள் ஒதுக்க எந்தச் செங்கல்லும் வைக்க வேண்டியதில்லை.

நம் சங்கத்துக்கு ஒரு வார்த்தை

கடைசியாக நம் வீட்டு விஷயம். கஞ்சிக்கோடு, வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கங்களில் தமிழ் பேசும் முதியவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். மலையாளத்தில் கடைக்குப் போவார்கள், ஆபீசில் பேசுவார்கள், சண்டையும் போடுவார்கள். ஆனால் மறதி வரும்போது கடைசியாகக் கற்றதுதான் முதலில் கழன்று போகும். தாலாட்டு கேட்ட பாஷைதான் கடைசி வரை நிற்கும். மருந்துக்கு மொழி கிடையாது. ரத்தப் பரிசோதனைக்கு மொழி கிடையாது. பாட்டுக்கும் விடுகதைக்கும் மொழி உண்டு. ஆகவே இந்தச் சிகிச்சை நம் முதியவர்களுக்கு வரும்போது தமிழில் வர வேண்டும். அதை மலையாளச் சகோதரர்கள் வந்து செய்து தர முடியாது. அவர்கள் மேல் அதற்காகக் கோபப்படுவதிலும் நியாயமில்லை. நாம்தான் செய்ய வேண்டும்.

சங்கம் இரண்டு காரியம் செய்யலாம். நம் வீட்டுப் பிள்ளைகளில் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, நர்சிங், சோஷியல் ஒர்க் படிப்பவர்களைக் கண்டுபிடித்து, லீவு நாட்களில் அவர்கள் மேற்பார்வையில் வாரம் ஒரு மத்தியானம் நம் ஹாலில் முதியவர்களுக்கு ஒதுக்கலாம். இன்னொன்று, ஒவ்வொரு முதியவரிடமும் உட்கார்ந்து, சின்ன வயதில் என்ன ஆடினீர்கள், என்ன பாடினீர்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். நாளைக்கு அவர்கள் வாய் திறக்க முடியாமல் படுக்கும்போது, அந்த நோட்டுத்தான் அவர்களுக்காகப் பேசும். இது தொண்டாக நடக்கட்டும். ஆனால் இதோடு நிறுத்திவிடாமல், படித்த ஆளை நியமிக்கச் சொல்லிப் பஞ்சாயத்துக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் மனுவும் கொடுக்க வேண்டும். தொண்டு வழியைக் காட்டும். சம்பளமுள்ள ஆள்தான் அந்த வழியில் தினமும் நடப்பான்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு அங்கம் சொன்னார்: நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவன். முதல் மூன்றையும் இந்தக் காலம் எங்கேயோ கொண்டுபோய்விட்டது. நான்காவது அங்கம் இன்னும் நொண்டிக்கொண்டிருக்கிறது.

அத்தை இப்போதும் இருக்கிறார். என் பெயர் அவருக்கு மறந்துவிட்டது. போன மாதம் ஒரு பழைய பல்லாங்குழிப் பலகையும் புளியங்கொட்டையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கை தானாகப் போய்க் குழிக்கு ஐந்தாகப் போட ஆரம்பித்தது. ஒரு குழியில் நான் தவறி ஆறு போட்டுவிட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்து, "கள்ளாட்டம் ஆடாதே" என்றார்.

அவர் என்னோடு பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது. அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் நம் ஊருக்கு வர வேண்டும்.